அட்டை இல்லாதவரெல்லாம் போலியா?

பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும், போடியிலும் மூணாறிலும் இப்போது ஒரே பேச்சுத்தான்: "போலி நிருபர்கள் பெருத்துவிட்டார்கள். அரசு அங்கீகார அட்டை உள்ளவரை மட்டும் ஆபீசுக்குள் விடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." அதிகாரிகள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. குவாரி முதலாளியும் சொல்கிறார், கட்சிக்காரரும் சொல்கிறார், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவரும் சொல்கிறார். இவர்கள் எல்லாரையும்விட உரக்கச் சொல்பவர்கள், ஏற்கெனவே அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் மூத்த நிருபர்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. டாக்டருக்குப் பதிவு உண்டு, வக்கீலுக்குப் பதிவு உண்டு, நிருபருக்கு மட்டும் வேண்டாமா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பதில் இருக்கிறது. டாக்டரைப் பதிவு செய்வது நோயாளி அல்ல. வக்கீலைப் பதிவு செய்வது வழக்கின் எதிர்த்தரப்புக்காரர் அல்ல. நிருபர் விஷயத்தில் மட்டும், யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்கிறோம். தன்னைப் பற்றி எழுதப்போகிறவரைத் தானே பொறுக்கி எடுக்கும் உரிமையை ஒரு துறைக்குக் கொடுத்தால் போலி ஒழிவதற்கு முன் செய்தி ஒழிந்துவிடும். இரண்டு மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் எல்லையில் அது இன்னும் சீக்கிரம் ஒழியும்.

போலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடியில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர், கையில் எந்தக் கடையிலும் தொங்காத ஒரு மாத இதழ், கழுத்தில் வண்ணப் பட்டை. வண்டி நிற்பது கல்குவாரியிலோ செங்கல் சூளையிலோ மண் லாரி பக்கத்திலோ. ஆனால் இந்த ஆசாமி கலெக்டர் ஆபீஸ் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்து முன்வரிசையில் உட்காருவதில்லை. அவருக்கு அங்கே வேலையே கிடையாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் அட்டை கேட்டால், குவாரியில் மாமூல் கேட்பவரின் வருமானத்தில் ஒரு ரூபாய் குறையுமா?

மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவின்படி குற்றம். பறிப்பவர் நிருபரா, போலி நிருபரா, கவுன்சிலரா என்று சட்டம் பார்ப்பதில்லை. பணம் கொடுத்தவர் ஏன் புகார் கொடுக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டியவருக்குக் காவல் நிலையத்துக்குப் போகத் தைரியம் வராது. அந்தத் தோண்டலை முறையாக எழுத ஆளில்லாத ஊரில்தான் எழுதாமல் இருப்பதற்குக் காசு கேட்க முடியும். நல்ல நிருபர்கள் குறையக் குறையப் போலிக்குச் சந்தை கூடும்.

போலி எங்கே முளைக்கிறார் என்பதையும் அட்டை ஆதரவாளர்கள் சொல்வதில்லை. தாலுகா நிருபருக்குச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குக் கணக்குப் போட்டு ஏதோ கொடுப்பார்கள், அதுவும் எல்லாப் பத்திரிகையிலும் இல்லை. தீபாவளிக்கும் ஓணத்துக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் பஞ்சாயத்துத் தலைவர் மேல் செய்தி, மாலையில் அதே தலைவரிடம் வாழ்த்து விளம்பரம். இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பவை தெருமுனை இதழ்கள் மட்டுமா? பேர் பெற்ற நிறுவனங்களும்தானே. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. வேல்முருகன் அமர்வு, போலிப் பத்திரிகையாளர்களைக் களைய மூன்று மாதத்துக்குள் தமிழ்நாடு பத்திரிகை கவுன்சில் ஒன்றை அமைக்க அரசுக்கு உத்தரவிட்டது. நோக்கம் புரிகிறது. ஆனால் ஒழுங்கான சம்பளமும் விற்பனைக் கணக்கும்தான் உண்மையான நிருபரின் அடையாளம் என்று வைத்தால், எல்லைப்புறத்துத் தாலுகா நிருபர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே போலிகள் ஆகிவிடுவார்கள். சுரண்டிய நிறுவனம் தப்பித்துக்கொள்ளும், சுரண்டப்பட்டவர் மாட்டிக்கொள்வார்.

சரி, போலியை விடுவோம். அட்டை முறையால் உண்மையான நிருபருக்கு என்ன நேர்கிறது? அதைப் பார்க்க இரண்டு அணைகளுக்குப் போய் வந்தால் போதும்.

முல்லைப் பெரியாறு அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில். 1886ஆம் ஆண்டு குத்தகை ஒப்பந்தப்படி கட்டி, 1895இல் முடித்தார்கள். பராமரிப்பு தமிழ்நாட்டு நீர்வளத் துறையிடம். 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. அணையோ பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். தேக்கடியில் படகேற வேண்டும், அல்லது வல்லக்கடவு காட்டுப்பாதையில் போக வேண்டும். இரண்டுக்கும் கேரள வனத்துறை சம்மதிக்க வேண்டும். காவல் நிற்பது கேரளப் போலீஸ். தேனி நிருபரின் சட்டைப்பையில் இருப்பது தமிழ்நாடு அரசு கொடுத்த அட்டை. அவர் எழுத வேண்டிய துறை அவருடைய அரசின் துறை; வாசல் மட்டும் பக்கத்து மாநிலத்தின் வாசல். அட்டை அங்கே செல்லாது. இடுக்கி நிருபருக்கு இதே கதை தலைகீழ்: வாசல் அவர் மாநிலத்துடையது, உள்ளே இருக்கும் பொறியாளர் பதில் சொல்ல வேண்டியது சென்னைக்கு.

பாலக்காட்டுப் பக்கம் வாருங்கள். பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில், முதலமடை ஊராட்சிக்குள் இருக்கிறது. பராமரிப்பது இங்கேயும் தமிழ்நாடுதான். ஆனால் பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமானால் ஆனைமலை வந்து, சேத்துமடை செக்போஸ்ட்டைத் தாண்டி, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். அதாவது கேரள நிருபர் தன் மாவட்டத்து ஊருக்குப் போகத் தமிழ்நாட்டு வனத்துறையின் வாசலைக் கடக்க வேண்டும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அந்த அணையின் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்து அடித்துக்கொண்டு போனது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. ஆற்றின் கரையில் இருப்பவர்கள் கேரள மக்கள், வீணாய்ப் போனது தமிழ்நாட்டு விவசாயியின் பாசனத் தண்ணீர். இரண்டு தரப்புக்கும் தெரிய வேண்டிய ஒரே சங்கதி: மதகு ஏன் பெயர்ந்தது, கடைசியாக எப்போது பார்த்தார்கள்? இதை நேரில் போய்ப் பார்த்து எழுத எந்த மாநிலத்து அட்டை வேண்டும்?

அட்டையும் வாசலும் இப்படி மாறி மாறிப் பூட்டுவதன் விலையைக் கொடுப்பது வாசகர்தான். முல்லைப் பெரியாற்றுக்கு மேற்பார்வைக் குழு போய்வரும் நாளில், பெரும்பாலும் நிருபர்கள் குமுளியில் காத்திருந்து, திரும்பி வரும் அதிகாரிகள் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு அதிகாரி சொன்னது தமிழ்ப் பத்திரிகையிலும், கேரள அதிகாரி சொன்னது மலையாளச் சேனலிலும் வருகிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளி குடும்பம் இருக்கிறது. அணை உடையும் என்கிறது டிவி. இரும்புபோல் உறுதி என்கிறது ஊரிலிருந்து வரும் பேப்பர். கசிவு நீரின் அளவைத் தன் கண்ணால் பார்த்து எழுதியவர் இரண்டு பக்கமும் இல்லை. அந்தக் குடும்பம் எதை நம்பிப் படுத்துத் தூங்கும்?

"எழுத வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? உள்ளே வரத்தானே அட்டை கேட்கிறோம்" என்பது அடுத்த வாதம். காகிதத்தில் இது உண்மை. நடைமுறையில், வாசலைக் கடக்கக் கொடுத்த அட்டை கொஞ்ச நாளில் ஆளையே அளக்கும் கோலாகிவிடும். மலையாளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பனை நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபர் 5 அன்று ஹாத்ரஸுக்குப் போகும் வழியில் மதுராவில் கைதானார். அவர் வைத்திருந்தது 2018இலேயே நின்றுபோன ‘தேஜஸ்’ பத்திரிகையின் அடையாள அட்டை, பத்திரிகையாளர் என்பது வெறும் போர்வை என்று உத்தரப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அப்போது அவர் ‘அழிமுகம்’ இணையதளத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். டெல்லியில் கேரளப் பத்திரிகையாளர் சங்கக் கிளையின் செயலாளர். எழுதிய செய்திகள் கணக்கில் வரவில்லை, அட்டைதான் வந்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், அவர் வெளியே வந்தது 2023 பிப்ரவரியில்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கில் பாஸ் இல்லாமல் ஊர் திரும்பிய மலையாளிகள் வாளையாறு செக்போஸ்ட்டில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், அங்கே போயிருந்த எம்.பி.க்களோடு செய்தியாளர்களையும் 14 நாள் தனிமையில் இருக்கச் சொன்னது மருத்துவக் குழு. அன்றைக்கு அங்கே நின்றார்களா என்பது ஒன்றே கேள்வி. ஆபத்தில் பங்கு கொடுக்கும்போது நிருபர் யார் என்பதில் அரசுக்குக் குழப்பம் வரவில்லை, தகவலில் பங்கு கேட்டால் மட்டும் குழப்பம் வந்துவிடுகிறது.

அட்டையைவிடக் கெட்டிக்காரத்தனமான வாசல் ஒன்று இப்போது வந்திருக்கிறது: மக்கள் தொடர்பு அலுவலரின் வாட்ஸ்அப் குழு. அமைச்சர் வருகை, அணை திறப்பு, நிலச்சரிவு எச்சரிக்கை எல்லாம் அதில்தான் முதலில் விழும். யாரைச் சேர்ப்பது என்று விதி இல்லை, யாரை நீக்கினார்கள் என்று உத்தரவும் இல்லை. காலையில் எரிச்சலூட்டும் ஒரு செய்தி வந்தால், மாலையில் அந்த நம்பர் குழுவில் இருக்காது. கேட்டால் "கை தவறிப் பட்டிருக்கும் சார்" என்பார்கள். அட்டையை ரத்து செய்யக் காரணமாவது தேட வேண்டும். இதற்கு ஒரு விரல் போதும்.

"தகுதி வேண்டாமா?" என்பது மூன்றாவது வாதம். மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அங்கீகார வழிகாட்டு நெறிமுறையில் முழுநேரப் பத்திரிகையாளருக்கு ஐந்து ஆண்டு அனுபவம், சுதந்திரப் பத்திரிகையாளருக்கு 15 ஆண்டு அனுபவம் என்று வைத்தார்கள். நாட்டின் இறையாண்மைக்கோ பொது ஒழுங்குக்கோ குந்தகமாகவோ அவதூறாகவோ நடந்ததாகக் கருதினால் அங்கீகாரம் போகும். கடும் குற்றச்சாட்டு பதிவானாலும் போகும். தண்டனை வரை காத்திருக்கத் தேவையில்லை. வழக்குப் போடுவதும் அரசு, அந்த வழக்கைக் காட்டி அட்டையைப் பறிப்பதும் அரசு. இதைத் தகுதி என்று எப்படிச் சொல்வது?

தகுதி எங்கே இருக்கிறது என்று பெட்டிமுடி காட்டியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலையாயிற்று. அன்று இரவே கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. கரிப்பூரில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய், பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு ஆகஸ்ட் 8 அன்றே போனார், பெட்டிமுடிக்கு வந்தது 13ஆம் தேதி. தலைநகரத்து அட்டையோடு வந்தவர்களுக்கு இரண்டும் இரண்டு விபத்துகள். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் என்ன உறவு, எந்தக் குடும்பத்துக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம், யார் கணக்கில் விட்டுப்போனவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழ் தெரிய வேண்டும், அந்த மலையில் பத்துப் பேரைத் தெரிந்திருக்க வேண்டும். அது மூணாறின் பகுதிநேர நிருபரிடம் இருக்கும். அவரிடம் இல்லாதது ஐந்து ஆண்டுச் சம்பளச் சீட்டு.

சித்தூர் தாலுகா பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கக்கோலா ஆலை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதை முதலில் சொன்னவர்கள் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. உரம் என்று விவசாயிகளுக்கு ஆலை கொடுத்த கழிவில் காட்மியமும் காரீயமும் இருப்பதை 2003இல் சோதித்துச் சொன்னது லண்டனிலிருந்து வந்த பிபிசி வானொலி நிகழ்ச்சி. குடம் தூக்கிய பெண்களுக்கும் அட்டை இல்லை, மண்ணை அள்ளிப் போய்ச் சோதித்தவர்களும் பாலக்காட்டு அங்கீகாரப் பட்டியலில் வருகிறவர்கள் இல்லை. சத்தீஸ்கரின் பீஜப்பூரில் சாலை ஊழலை வெளிக்கொண்டுவந்த முகேஷ் சந்திராகர் ‘பஸ்தர் ஜங்ஷன்’ என்ற யூடியூப் சேனல் நடத்தியவர். 2025 ஜனவரியில் அவர் உடலை ஒப்பந்ததாரரின் வளாகத்துச் செப்டிக் டேங்கிலிருந்து எடுத்தார்கள். ‘யூடியூப்காரன் எல்லாம் நிருபரா’ என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். கொன்றவர்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பஸ் பாசும் ஓய்வூதியமும் நலத்திட்டமும் கொடுக்கிற அரசு அளவுகோல் வைக்காமல் எப்படி இருக்கும் என்பது நான்காவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. பொதுப்பணத்தில் சலுகை கொடுத்தால் கணக்கு வேண்டும், வரம்பும் வேண்டும். அதற்காகச் சலுகைக்கு வைத்த அளவுகோலையே தகவலுக்கும் வைப்பது மோசடி. ஓய்வூதியம் பெறத் தகுதியில்லாதவருக்குக் கேள்வி கேட்கவும் தகுதியில்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், மனுதாரரிடம் ‘எதற்காகக் கேட்கிறாய்’ என்றுகூடக் கேட்கக் கூடாது என்கிறது. குடிமகன் பத்து ரூபாய் கட்டி எழுத்தில் கேட்கக்கூடிய கேள்வியை, நிருபர் வாயால் கேட்க அட்டை வேண்டுமாம்!

மிஞ்சுவது இடமும் பாதுகாப்பும். படகில் இடம் குறைவு, காடு காடாக இருக்க வேண்டும், அணைக்குக் காவல் வேண்டும். இது நியாயமான கட்டுப்பாடு, இதற்கு அட்டையோ சீட்டோ தேவைப்படலாம். எப்படிக் கொடுப்பது என்பதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் ஷெரில் என்ற அமெரிக்க நிருபருக்கு வெள்ளை மாளிகை அனுமதிச் சீட்டு மறுத்தபோது, 1977இல் அங்கே நீதிமன்றம் சொன்னது மிக எளிமையானது: விதியை முன்கூட்டியே வெளியிடு, மறுக்கும் முன் அவர் பதிலைக் கேள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. 2018 நவம்பர் 16 அன்று சிஎன்என் நிருபர் ஜிம் அகோஸ்டாவின் சீட்டைத் திருப்பிக் கொடுக்க அமெரிக்க நீதிபதி ஆணையிட்டது, முறைப்படி விளக்கம் கேட்காமல் பறித்ததற்காக. அதற்கு முதல் நாள், நவம்பர் 15 அன்றுதான், முதலமைச்சரையும் அமைச்சர்களையும் நிருபர்கள் சந்திப்பதை மக்கள் தொடர்புத் துறை வழியாக முறைப்படுத்தும் உத்தரவைக் கேரள உள்துறை பிறப்பித்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக டெல்லியைத் திட்டுகிற இடதுசாரி அரசுதான் இதைச் செய்தது. கட்சியின் நிறம் எதுவானாலும், அட்டை கையில் வந்தால் ஆசை வந்துவிடும்.

அந்த ஆசை எதுவரை போகும் என்பதை 2025 அக்டோபரில் அமெரிக்க ராணுவத் தலைமையகம் காட்டியது. புதிய நிபந்தனைகளில் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை என்றார்கள். ஏறத்தாழ எல்லாப் பெரிய நிறுவனங்களும், அரசுக்கு நெருக்கமான ஃபாக்ஸ் நியூஸ் உட்பட, மறுத்துவிட்டன. அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிருபர்கள் வெளியேறினார்கள். ராணுவத்தைப் பற்றிய செய்திகள் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் நாட்டிலும் வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி மலையாளச் சேனல் மீடியாஒன்னுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததை 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூடிய உறையில் காரணம் சொல்வது நியாயமான விசாரணை ஆகாது என்றது. உரிமம் பெறும் சேனலுக்கே இது பொருந்தும் என்றால், குமுளியில் படகுச் சீட்டுக் கேட்கும் நிருபருக்குப் பொருந்தாதா?

எல்லை மாவட்டங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் புதிர் ஒன்றுமில்லை. தேனி அட்டை இடுக்கியிலும், இடுக்கி அட்டை தேனியிலும், அதேபோல் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையிலும் செல்ல வேண்டும். இரண்டு அரசுகளும் தண்ணீருக்கு ஒப்பந்தம் போடத் தெரிந்தவை; இதற்கு ஒரு கடிதம் போதும். அட்டை இல்லாதவர் தான் எழுதிய செய்திகளைக் காட்டினால் அன்றைய சீட்டுக் கொடுக்க வேண்டும். இடம் போதாவிட்டால் குலுக்கலில் சிலர் போய், பார்த்ததை எல்லாருக்கும் பகிரட்டும். அதில் இரு மொழிக்காரரும் இருக்கட்டும். மறுப்பு எழுத்தில் வர வேண்டும், மேல்முறையீடு அந்தத் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் விழும் அறிவிப்பு அதே நிமிடம் எவரும் படிக்கும்படி பொதுவில் வர வேண்டும். விண்ணப்பமும் விதியும் தமிழிலும் இருக்க வேண்டும்: சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தேவிகுளம் எம்.எல்.ஏ. 2021இல் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். சட்டமன்றத்தில் ஏறிய மொழிக்குச் செக்போஸ்ட்டில் என்ன தடை?

இப்படிச் செய்தால் போலிகளும் உள்ளே வந்துவிடுவார்களே என்பார்கள். வரட்டும். பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு போலி உட்கார்ந்தால் அரசுக்கு நஷ்டம் ஒரு நாற்காலியும் ஒரு டீயும். ஓர் உண்மையான நிருபர் வெளியே நின்றால் நஷ்டம் யாருக்கு, எவ்வளவு என்பதை அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிற மூத்த நிருபர்களுக்கு ஒரு வார்த்தை: இன்று அடுத்தவருக்கு மறுக்கக் கைதட்டுகிற விதியில், காரணம் சொல்லாமல் உங்கள் அட்டையைப் பறிக்கவும் இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நாளில் உங்களுக்காக எழுத, அட்டை இல்லாதவர்கள்தான் மிச்சம் இருப்பார்கள்.